பிற்பகல் 2:09-க்குத் திரும்பும் வழி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மூங்கில்துறைப்பட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கரும்பு ஆலை. கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இரண்டில் ஒன்று தென்பெண்ணைக் கரையிலுள்ள இந்த ஊரில் இருக்கிறது, மற்றது கச்சிராயபாளையத்தில். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக எடைமேடையில் ஏறி இறங்கும். அந்த மேடையில் பதிவாகும் எண்தான் விவசாயியின் ஒரு வருட உழைப்புக்கான பணம். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான ஆதாய விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கட்டுமானம் 9.5 சதவீதமோ அதற்கும் கீழோ என்றால் 329 ரூபாய் 5 காசு. குறைந்த விலையில் போட்டாலும் பத்து டன் வண்டி ஒன்றின் பதிவு 32,905 ரூபாய். கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது.

இப்படியோர் எடைமேடையின் தரவுத்தளத்தை நாளைக்கு உங்கள் பொறுப்பில் விட்டால் அதன் பாதுகாப்புக்கு என்ன செய்வீர்கள்? "தினமும் ராத்திரி பேக்கப் எடுப்பேன்" என்றுதான் நேர்முகத் தேர்வுக்கு வரும் பலரும் சொல்கிறார்கள். அந்தப் பதில் ஏன் போதாது, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டவருக்குத் தரவுத்தள வேலையில் தனி மதிப்பு உண்டு. அந்த இடத்துக்குப் போக நினைக்கும் இளைஞர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

ஒரு நாளைக் கற்பனை செய்வோம். பிற்பகல் 2:10. கணக்குப் பிரிவில் ஒருவர், ஒரே ஒரு விவசாயியின் பயிர்க்கடன் பிடித்தத்தைத் திருத்த முனைகிறார். அப்டேட் கட்டளையில் 'வேர்' (WHERE) நிபந்தனை விட்டுப்போகிறது. பதிவு செய்த அத்தனை பேரின் பிடித்தமும் ஒரே தொகையாக மாறிவிடுகிறது. வட்டு பழுதாகவில்லை, வெளியாள் யாரும் ஊடுருவவில்லை. உரிய அனுமதி உள்ளவர், சரியான கடவுச்சொல்லோடு செய்த வேலை. மாலை 5 மணிக்கு ஒரு விவசாயி தன் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடும்போதுதான் விஷயம் தெரிகிறது.

நேற்றிரவு 11 மணி பேக்கப்புக்குத் திரும்பினால் இன்று காலையிலிருந்து எடை போட்ட வண்டிகள் அத்தனையும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். பக்கத்து அறையில் இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகா ஓடுகிறது என்றால், அது அந்தத் தவறையும் ஒரு நொடிக்குள் அப்படியே வாங்கி எழுதிக்கொண்டிருக்கும். சர்வர் செத்தால் ரெப்ளிகா காப்பாற்றும். தவறான கட்டளையிலிருந்து காப்பாற்றாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "எங்களிடம் ரெப்ளிகா இருக்கிறது, பேக்கப் எதற்கு" என்று சொல்லும் நிர்வாகங்கள் இன்றும் உண்டு. தேவைப்படுவது 2:09-க்குத் திரும்பும் வசதி. அதைத்தான் பாயின்ட்-இன்-டைம் ரிகவரி, குறித்த நேர மீட்பு என்கிறோம்.

தொடக்க இருப்பும் நாள்வழியும்

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இதன் அடிப்படை உடனே புரியும். மாதத் தொடக்கத்தின் இருப்பும், அன்றாடம் வரிசை தவறாமல் எழுதிய நாள்வழியும் கையில் இருந்தால், 17-ஆம் தேதி மதியம் இருப்பு எவ்வளவு என்று போட்டுப் பார்த்துவிடலாம். தரவுத்தளத்தில் முழு நகலான பேஸ் பேக்கப் தொடக்க இருப்பு. மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் லாக் நாள்வழி. முழு நகலை முதலில் வைத்து, அதன்மேல் லாக்கை 2:09 வரை மட்டும் ஓட்டி நிறுத்தினால் வேலை முடிந்தது. அந்த லாக்கை போஸ்ட்கிரெஸ் 'வால்' (WAL) என்கிறது, மைஎஸ்க்யூஎல் 'பின்லாக்' என்கிறது, ஆரக்கிள் 'ரீடூ லாக்' என்கிறது, எஸ்க்யூஎல் சர்வர் 'டிரான்ஸாக்‌ஷன் லாக்' என்கிறது.

மாற்றத்தை முதலில் லாக்கில் எழுது, பிறகு தரவுப் பக்கத்தில் எழுது என்ற ஒழுங்கின் மேல்தான் இவை எல்லாமே நிற்கின்றன. அந்த ஒழுங்கை முழுமையான வழிமுறையாக வடித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். 1955-இல் பிறந்த சந்திரசேகரன் மோகன், சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று, 1977-இல் அமெரிக்கா போய், டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வை முடித்து, ஐபிஎம் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1992-இல் வெளியிட்ட கட்டுரையின் வழிமுறைக்கு 'ஏரீஸ்' என்று பெயர். சர்வர் விழுந்து எழும்போது முதலில் லாக்கைப் படித்து நிலையை அறிவது, பிறகு நடந்தவற்றை மீண்டும் நிகழ்த்துவது, கடைசியாகப் பாதியில் நின்றவற்றை நீக்குவது என்று மூன்று கட்டங்கள். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் இரண்டும் அந்த வழியில் வந்தவை. கல்லூரிகளில் பரவலாகப் படிக்கப்படும் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் மூவரின் தரவுத்தளப் பாடநூலிலும் மீட்பு பற்றிய இயலில் ஏரீஸ் விளக்கப்பட்டிருக்கிறது. தேர்வுக்காக அந்த இயலைத் தாண்டிப் போனவர்கள் இப்போது ஒருமுறை திரும்பிப் படியுங்கள். வேலையில் நேராகப் பயன்படுகிற இயல்களில் அது ஒன்று.

சில அடிப்படைகளை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த வசதியை விபத்துக்குப் பிறகு போட முடியாது. போஸ்ட்கிரெஸில் வால் கோப்புகளைச் சேமித்துவைக்கும் 'ஆர்க்கைவ் மோட்' நிறுவும்போது அணைந்தே இருக்கும். அதை இயக்க சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் தரவுத்தளம் 'சிம்பிள்' முறையில் இருந்தால் லாக் பேக்கப்பே எடுக்க முடியாது. 'ஃபுல்' முறைக்கு மாற்ற வேண்டும். ஆரக்கிளில் 'ஆர்க்கைவ்லாக்' முறை வேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0-இல் பின்லாக் இயல்பாகவே ஓடும். ஆனால் 30 நாளில் காலாவதியாகும் என்பது இயல்பான அமைப்பு. இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸில் 'பிஜி டம்ப்' கொண்டு எடுத்த நகலின் மேல் வால் கோப்புகளை ஓட்ட முடியாது. அது தரவின் நகல்தான், வட்டிலுள்ள பக்கங்களின் நகல் அல்ல. 'பிஜி பேஸ்பேக்கப்' அல்லது பிஜிபேக்ரெஸ்ட், பார்மன் போன்ற கருவிகளால் எடுத்த நகல்தான் அடித்தளமாக நிற்கும்.

யாரிடம் கேட்க வேண்டும்

வடிவமைப்பு கருவியில் தொடங்கக் கூடாது. எடைமேடை எழுத்தரிடமும் கணக்குப் பிரிவிடமும் கேள்வி கேட்பதில் தொடங்க வேண்டும். எவ்வளவு நேரத்துப் பதிவை இழந்தால் தாங்கும்? இதை ஆர்.பி.ஓ. என்பார்கள். எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஓட வேண்டும்? அது ஆர்.டி.ஓ. எவ்வளவு நாள் பின்னோக்கிப் போக முடிய வேண்டும்? அதாவது, ஒரு தவறு நடந்தால் அது எத்தனை நாளில் யார் கண்ணில் படும்?

மூன்றாவது கேள்வியைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள். எடைமேடை எடுத்துக்காட்டில் அதற்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது. பணம் 14 நாளுக்குள் போக வேண்டும் என்றால், பிடித்தத்தில் நடந்த பிழை பல நேரங்களில் பணம் கைக்கு வரும் நாளில்தான் வெளிப்படும். ஆகவே 7 நாள் மட்டும் பின்னோக்கிப் போக முடிகிற அமைப்பு இங்கே பயனற்றது. அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற மேகச் சேவைகளில் 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த ஆலைக்கு 35 நாளைத்தான் எடுப்பேன். பட்டுவாடா சில நாள் தள்ளிப்போனாலும் அதற்குள் அடங்கும். அதற்குமேல் அரவைப் பருவம் முடியும் நாளில் ஒரு முழு நகலைத் தனியாக எடுத்து, தணிக்கை முடியும்வரை அழிக்காமல் வைக்கலாம்.

முதல் கேள்விக்கு எடைமேடையில் பெரும்பாலும் வரும் பதில் "ஒரு வண்டிகூடப் போகக் கூடாது" என்பதுதான். அந்தப் பதிலை மதியுங்கள், ஆனால் அதன் விலையையும் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு வால் கோப்பு 16 எம்பி. கோப்பு நிறைந்தால்தான் அது காப்பகத்துக்குப் போகும். வண்டி வராத நேரத்தில் நிறைய வெகுநேரம் ஆகலாம். 'ஆர்க்கைவ் டைம்அவுட்'டை 60 நொடி என்று வைத்தால், எழுத்து நடந்துகொண்டிருக்கும் வரை, நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒரு கோப்பு நகரும். நாளெல்லாம் அப்படி ஓடினால் 1,440 கோப்பு, ஏறத்தாழ 23 ஜிபி. உள்ளே பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் சுருக்கினால் வெகுவாகக் குறையும். ஆகவே சுருக்காமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒரு நிமிடமும் அதிகம் என்றால் 'பிஜி ரிசீவ்வால்' கொண்டு எழுத எழுதவே லாக்கை இன்னொரு கணினிக்கு ஓடவிடலாம். இவற்றோடு அச்சிட்ட எடைச் சீட்டு ஒன்றும் ஆலையில் தங்கினால், அந்தக் கடைசி நிமிடத்தின் வண்டியையும் கையால் மீண்டும் ஏற்றிவிடலாம். தாளை வடிவமைப்பின் பகுதியாகக் கணக்கில் சேர்ப்பதற்குத் தயங்க வேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கான பதில் முழு நகலை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஞாயிறு மட்டும் எடுத்தால், சனிக்கிழமை விபத்துக்கு ஆறு நாள் லாக்கை ஓட்ட வேண்டும். அதுவரை வண்டிகள் வாசலில் நிற்கும். தினமும் மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் பேக்கப் இந்தக் காத்திருப்பைக் குறைக்கும். 2024 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 17-இல் அது உள்ளேயே கிடைக்கிறது. அதற்கு முன்பே பிஜிபேக்ரெஸ்ட் அதைச் செய்துவந்தது.

ஆற்றங்கரையின் கணக்கு

பேக்கப்பை எங்கே வைப்பது? எடைமேடை அறையிலேயே வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆலை வளாகத்துக்குள் வேறு கட்டடத்தில் வைத்தாலும் மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊரில் போதாது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆறு பாயும் திசையில் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. அதுபோன்ற நாளில் ஒரே வளாகத்தின் இரண்டு கட்டடங்களும் ஒன்றாகவே இருளில் மூழ்கும். ஒரு பிரதி வளாகத்தில், ஒரு பிரதி ஆற்றுப் படுகையை விட்டு வெகுதூரத்தில் என்பதுதான் குறைந்தபட்சம். வெளியூர்ப் பிரதியை, குறித்த நாள்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் சேமிப்பில் வையுங்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் 2022 நவம்பர் 23-ஆம் தேதி பணயத் (ரான்சம்வேர்) தாக்குதலில் சிக்கியபோது சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. இ-ஹாஸ்பிடல் தரவு திரும்பக் கிடைத்ததற்குக் காரணம், பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது. சர்வரின் நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொண்டே பேக்கப்பையும் அழித்துவிட முடியும் என்றால், அந்தக் கடவுச்சொல்லைப் பிடித்தவனுக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.

தூரத்துக்கு அனுப்புவது என்றதும் இணைய வேகத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 20 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் நொடிக்கு 2.5 எம்பிதான் போகும். 100 ஜிபி முழு நகல் போய்ச் சேர 11 மணி நேரம். திரும்ப இறக்குவதற்கும் அதே கணக்குதான். ஆகவே அருகிலுள்ள பிரதி விரைவான மீட்புக்கு, தூரத்துப் பிரதி பேரழிவுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

புயல் நாளில் இணைப்பு துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும்? பலரும் எண்ணிப் பார்க்காத இடம் இது. காப்பகத்துக்கு அனுப்ப முடியாத வால் கோப்பைப் போஸ்ட்கிரெஸ் அழிக்காது. சர்வரிலேயே சேர்த்துக்கொண்டே போகும். வட்டு நிறைந்த நொடியில் தரவுத்தளம் நின்றுவிடும். பாதுகாப்புக்காகப் போட்ட ஏற்பாடே எடைமேடையை நிறுத்திவிட்டது என்ற பெயர் வரும். ஆகவே லாக்கை முதலில் வளாகத்திலுள்ள இன்னொரு கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து வெளியூருக்கு அனுப்புங்கள். சர்வரில் குறைந்தது மூன்று நாள் லாக்குக்கு இடம் ஒதுக்குங்கள். காப்பகக் கட்டளை, நகல் பத்திரமாக வட்டில் எழுதப்பட்ட பிறகே வெற்றி என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கோப்பின்மேல் வேறொன்றை எழுதவே கூடாது. நடுவில் ஒரே ஒரு லாக் கோப்பு காணாமல் போனாலும் அதற்குப் பிறகுள்ள எதையும் அந்த நகலின்மேல் ஓட்ட முடியாது.

இலங்கையில் 2023 ஆகஸ்டில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். அரசின் லங்கா கவர்மென்ட் கிளவுட் மின்னஞ்சல் அமைப்பு பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உள்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள். அமைப்பை மீண்டும் ஓடவைத்தார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. அந்தக் காலத்துக்கு பேக்கப்பே இல்லை. கடைசியாக எந்தத் தேதிவரை மீட்க முடியும் என்பதை ஒருவர் தினமும் பார்த்து எழுதியிருந்தால் அந்த இடைவெளி மே மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

2:10-க்குப் பிறகு வந்த வண்டிகள்

இனி அந்த மாலை 5 மணிக்குத் திரும்புவோம். பிழை தெரிந்துவிட்டது. இப்போது நீங்கள் எடுக்கும் முதல் முடிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அனுபவமில்லாதவர் ஓடும் தரவுத்தளத்தையே 2:09-க்குக் கொண்டுபோய்விடுவார். பிடித்தம் சரியாகிவிடும். ஆனால் 2:10 முதல் 5 வரை எடை போட்டுக் கரும்பைக் கொட்டிவிட்டு ஊர் திரும்பிய வண்டிகளின் பதிவு போய்விடும். இன்னும் மோசமானது ஒன்று உண்டு. சீட்டு எண்ணும் 2:09-இல் இருந்த இடத்துக்கே திரும்பும். அடுத்த வண்டிக்குப் போடும் சீட்டில், ஏற்கெனவே வேறொரு விவசாயியின் சட்டைப்பையில் இருக்கும் சீட்டின் எண்ணே விழும். இரண்டு பேர் கையில் ஒரே எண். இதைப் பிரிப்பதற்கு மாதங்கள் ஆகலாம்.

ஆகவே ஓடும் தரவுத்தளத்தைத் தொடாதீர்கள். பிடித்தம் உள்ள அட்டவணையில் எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள், எடை தொடரட்டும். தனியாக ஒரு சர்வரில் முழு நகலை இறக்கி, லாக்கை 2:09 வரை ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் 'ரிகவரி டார்கெட் டைம்' என்ற அமைப்பில் நேரத்தைக் கொடுத்து, 'டார்கெட் ஆக்‌ஷன்' என்பதை நிறுத்திவை என்ற நிலையில் விட்டால், அந்த நொடியில் நின்று உங்களைப் பார்க்கவிடும். பிடித்தம் பழைய தொகையில் இருக்கிறதா? இன்னும் கொஞ்சம் முன்னே போக வேண்டுமா? முன்னே போகலாம். பின்னே போக வேண்டுமானால் முழு நகலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே சந்தேகம் இருந்தால் சற்று முன்னதாகவே நிறுத்துங்கள். நேரம் துல்லியமாகத் தெரியாவிட்டால், 'பிஜி வால்டம்ப்' கொண்டு லாக்கைப் படித்து, அந்தப் பெரிய அப்டேட் எந்தப் பரிவர்த்தனை எண்ணில் நடந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

இப்போது உங்களிடம் இரண்டு தரவுத்தளங்கள்: 2:09-இன் சரியான பிடித்தம் ஒன்றில், 5 மணி வரையிலான எடை மற்றொன்றில். பிடித்த அட்டவணையை மட்டும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். 2:10-க்குப் பிறகு முறையாகத் திருத்தப்பட்டவை ஏதேனும் இருந்தால் அவற்றைக் கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிவு செய்யுங்கள். மீதியைத் திருப்பி எழுதுங்கள். ஒரு வண்டியும் இழக்காமல் பிழை நீங்கிவிடும்.

தரவுத்தளத்துக்கு வெளியே போனதைத் தரவுத்தளத்தால் திருப்ப முடியாது என்பதையும் மறக்காதீர்கள். 3 மணிக்குத் தவறான தொகையோடு வங்கிக்குக் கோப்பு போயிருக்கலாம். விவசாயிகளின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போயிருக்கலாம். மீட்புத் திட்டத்தில் வங்கியின் தொடர்பு எண்ணும், விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டிய திருத்தச் செய்தியும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

விரைவான வழி ஒன்றும் உண்டு. நான்கு மணி நேரம் தாமதமாக லாக்கை ஏற்கும்படி ஒரு ரெப்ளிகாவை வைத்துக்கொள்வது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் இதற்கு அமைப்பு இருக்கிறது. 5 மணிக்கு அந்த ரெப்ளிகா 1 மணியில்தான் நின்றிருக்கும். அதை 2:09 வரை ஓட்டி நிறுத்தினால், 100 ஜிபி நகலை இறக்கும் வேலையே இல்லை. சிறிய செலவில் இவ்வளவு பயன் தரும் ஏற்பாடு வேறு குறைவு. ஆனால் நான்கு மணி நேரத்துக்குள் பிழை கண்ணில் பட்டால்தான் இது உதவும். ஆகவே இது பேக்கப்புக்கு மாற்று அல்ல.

நேரம் பற்றி ஓர் எச்சரிக்கை. சர்வர் யூடிசி நேரத்தில் ஓடினால் நம் பிற்பகல் 2:09 அங்கே காலை 8:39. பதற்றத்தில் 14:09 என்று மட்டும் கொடுத்தால் அது நம் இரவு 7:39 ஆகிவிடும். மறுநாள் மீட்கிறீர்கள் என்றால் லாக் தவறையும் தாண்டி ஓடி, தவறோடு கூடிய தரவுத்தளத்தையே கையில் தரும். நேரத்தோடு +05:30 என்று எப்போதும் சேர்த்து எழுதுங்கள். எடைமேடைக் கணினி, சர்வர் இரண்டின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. இந்த உத்தரவைப் படித்தவர் என்று தெரிந்தாலே நேர்முகத் தேர்வில் உங்கள் மேல் கவனம் திரும்பும். கம்பெனிகளுக்கு இன்னொரு விதியும் உண்டு: 2022 ஆகஸ்டில் திருத்திய கணக்கு விதிகளின்படி, கணக்கேடுகளின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும்.

ஒத்திகையும் வேலையும்

2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், ரெப்ளிகா என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவு அடைவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், பிஜி டம்ப் பதிப்பு பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்தது, காப்பகம் காலி. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் மிஞ்சியது. அதைக் கொண்டுதான் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் முழு அறிக்கையாக வெளியிட்டார்கள் என்பதற்காக அந்த நிறுவனத்தை மதிக்கிறேன். அந்த அறிக்கையைப் படிப்பது இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கட்டாயம் என்பேன்.

தோல்வியைச் சொல்லும் எச்சரிக்கையை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். "கடைசியாக இந்த நேரம்வரை மீட்க முடியும்" என்ற வெற்றிச் செய்தி தினமும் வரவேண்டும். அது வராத நாளே எச்சரிக்கை. அதைவிடச் சிறந்தது, வாரம் ஒருமுறை வேறொரு கணினியில் ஏதாவது ஒரு நேரத்துக்கு மீட்டு, அந்த நேரம்வரை பதிவான வண்டிகளின் எண்ணிக்கையையும் மொத்த டன்னையும் எடைச் சீட்டுகளோடு ஒப்பிடுவது. மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதிவையுங்கள். நிர்வாகத்திடம் சொன்ன ஆர்.டி.ஓ. உண்மையா என்பது அப்போதுதான் தெரியும். பேக்கப்பைக் குறியாக்கம் செய்திருந்தால் சாவி எங்கே இருக்கிறது என்பதும் ஒத்திகையில்தான் வெளிப்படும். அந்தச் சாவி அழிந்துபோன சர்வருக்குள்ளேயே இருந்ததாகத் தெரியவரும் நாள் கொடுமையானது.

இதைக் கற்க கள்ளக்குறிச்சியை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி போதும். அதில் இரண்டு மெய்நிகர் கணினிகள், இரண்டிலும் போஸ்ட்கிரெஸ். பணம் எதுவும் வேண்டாம். எடைமேடை போல மூன்று அட்டவணை அமையுங்கள்: விவசாயி, எடை, பிடித்தம். நிமிடத்துக்குச் சில வண்டிகளை ஏற்றும் சிறு நிரல் ஒன்றை ஓடவிடுங்கள். ஆர்க்கைவ் மோடை இயக்கி, முழு நகல் எடுத்து, பிறகு வேர் இல்லாத அந்த அப்டேட்டை நீங்களே போடுங்கள். இரண்டாவது கணினியில் ஒரு நிமிடம் முன்னால் வரை மீட்டு, பிடித்தத்தை மட்டும் திருப்பி எழுதுங்கள். பிறகு நடுவில் ஒரு வால் கோப்பை அழித்துவிட்டு அதே வேலையைச் செய்து, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நேர மண்டலத்தை மாற்றிப் பாருங்கள். வட்டை நிரப்பிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் திரையில் வந்த பிழைச் செய்தியைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்ததை இன்னொருவர் உங்கள் உதவியின்றிச் செய்யும்படி எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்கு அழைக்கப்படும் இளநிலை ஊழியர் படிப்பார் என்று நினைத்து, சிறு வாக்கியங்களில், அவருக்குப் பழகிய மொழியில் எழுதுங்கள். எந்தக் கட்டளையை யார் அனுமதியோடு போடலாம், முதலில் யாரை அழைக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பவை அதில் இருக்கட்டும். ஒரு நண்பரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லி, அவர் தடுமாறும் வரிகளைத் திருத்துங்கள்.

ரெஸ்யூமில் "பேக்கப் தெரியும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். எவ்வளவு பெரிய தரவுத்தளத்தை, எந்த நேரத்துக்கு, எத்தனை நிமிடத்தில் மீட்டீர்கள், எவ்வளவு இழந்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் கேள்வி வந்தால் கருவியின் பெயரில் தொடங்காமல், "பிழை நடந்தால் எத்தனை நாளில் உங்களுக்குத் தெரியவரும்?" என்று அவர்களிடமே கேளுங்கள். வங்கி, மருத்துவமனை, கூட்டுறவு நிறுவனம் எதுவானாலும், அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கத் தொடங்கும் மேலாளர் உங்களோடு சேர்ந்து வடிவமைக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். வேலை கிடைத்த முதல் வாரத்தில் புதிய கருவி எதையும் வாங்கச் சொல்லாதீர்கள். இருக்கும் பேக்கப்பை ஒரு தனிக் கணினியில் மீட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள்.